பல் போனால் சொல் போகும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இமாம் பல்லைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் புன்னகைக்கிறீர்கள். காரணம் உண்டு. மத்ரஸாவில் எனக்குத் தஜ்வீத் கற்றுத்தந்த உஸ்தாத் ஐம்பது வயதைக் கடப்பதற்குள் மேல் முன்பற்களை இழந்தார்கள். ‘ஃபா’ என்னும் எழுத்து மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டில் படுவதால் பிறக்கிறது. ‘ளா’ முதலான மூன்று எழுத்துகள் நாவின் நுனி அப்பற்களின் நுனியைத் தொடுவதால் பிறக்கின்றன. பற்கள் போனபின் எங்களுக்குத் திருத்திச் சொன்ன எழுத்துகளை அவர்களாலேயே மொழிய இயலவில்லை. ஒருநாள் தொழுகை நடத்துமாறு என்னை முன்னே நிறுத்திவிட்டுப் பின் வரிசையில் போய் நின்றார்கள். அக்காட்சியை இன்றளவும் மறக்க முடியவில்லை.

நம் இராமநாதபுரக் கடற்கரை ஊர்களின் இனிப்புகளுக்குத் தனிப் பெயர் உண்டு. கீழக்கரைத் தொதல் கடல் கடந்தும் செல்கிறது. தேங்காய்ப்பால், அரிசிமாவு, கருப்பட்டி அல்லது சீனி சேர்த்து, கை வலிக்கக் கிண்டி எடுக்கும் பண்டம் அது. வட்டலப்பம் இல்லாத பெருநாள் காலை நமக்கு ஏது? இவற்றை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். உண்ணும் முறையைப் பற்றியே பேசுகிறேன்.

பல்லின் மேல் படியும் மாவு போன்ற படலத்தில் நுண்கிருமிகள் வாழ்கின்றன. நாம் உண்ணும் இனிப்பை அவை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலோட்டைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைத் தணித்துச் சரிசெய்ய அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை ஆகும். அதற்குள் மறுபடியும் ஒரு துண்டு வாயில் விழுந்தால் கரைதல் புதிதாகத் தொடங்கும். ஆகவே எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை முறை தின்றோம் என்பதே பெரிது. சுவீடனில் விபெஹோல்ம் மருத்துவமனையில் 1945 முதல் நடந்து 1954இல் வெளியான ஆய்வு இதையே காட்டியது. உணவுக்கு இடையே தின்ற, ஒட்டிக்கொள்ளும் மிட்டாயே பற்களை மிகுதியாகக் கெடுத்தது. (மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளைக் கொண்டு அந்த ஆய்வைச் செய்தார்கள் என்பது வேதனைக்குரியது.) தொதலும் பல்லிடுக்கில் ஒட்டும் பண்டமே. கருப்பட்டி கெடுதல் செய்யாது என்று நம்புவோர் நம்மில் பலர். அதிலும் பெரும்பகுதி சீனிச்சத்துதான். கிருமிக்கு இரண்டும் ஒன்றே.

எனவே தொதலைச் சாப்பாட்டோடு ஒரே அமர்வில் உண்டு, நீரால் நன்கு வாய் கொப்பளியுங்கள். ஐவேளை ஒளூவில் வாய் கொப்பளிக்கும் நமக்கு இது புதிதன்று. நாம்தான் அவசரத்தில் ஒப்புக்குச் செய்கிறோம்.

ரமளானில் நிலைமை இன்னும் கடினம். பேரீச்சம்பழம், சர்பத், கஞ்சி, வடை, தராவீஹுக்குப் பின் தேநீர் என்று இரவு முழுதும் வாய் ஓய்வதில்லை. உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். ஸஹர் உண்டவுடன் படுத்துவிட்டால் பல்லைக் காப்பவர் எவருமில்லை. நண்பகலுக்குப் பின் நோன்பாளி மிஸ்வாக் செய்வதை ஷாஃபிஈ மத்ஹபில் விரும்பத்தகாததாகக் கருதுவதால், ஸஹர் முடிவில் பற்பசையிட்டுத் துலக்குவதைத் தவறவிடாதீர்கள். எலுமிச்சைச் சர்பத் அருந்திய கையோடு மட்டும் துலக்க வேண்டாம். புளிப்பால் இளகிய மேலோடு தேய்ந்துவிடும். அரைமணி பொறுங்கள். மிஸ்வாக் செய்வோரும் முன்பற்களோடு நிறுத்திவிடுகிறோம். சொத்தை தொடங்குவதோ பெரும்பாலும் கடைவாயில்.

ஈறில் இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்திவிடுவது நம்மிடம் உள்ள தவறு. படிந்த அழுக்கே பெரும்பாலும் கசிவுக்குக் காரணம். நிறுத்தினால் அது பெருகும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறுநோய் எளிதில் வரும், வந்த ஈறுநோய் சர்க்கரையையும் கட்டுக்கு அடங்காமல் செய்யும்.

இனி, நான் சொல்லத் தயங்கியதைச் சொல்லிவிடுகிறேன். என் உஸ்தாதின் ஈறுகளைத் தின்றது இனிப்பன்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை. மாணவனாக இருந்தபோது அவர்களுக்குக் கடையிலிருந்து அதை வாங்கி வந்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பின்னாளில் நானும் பாக்கு மென்றேன். இரண்டு கடைவாய்ப் பற்களை இழந்த பிறகே விட்டேன்.

புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்குவதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பாக்கு வாயின் உட்சதையை நார்போல இறுகச் செய்யும். வாய் திறப்பு சிறிது சிறிதாகக் குறையும். காரம் பட்டால் எரியும். இறுகிய சதை பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவது அரிது. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013இல் தடை வந்தது. ஆனால் நம் நிக்காஹ் தட்டில் வைக்கும் பாக்குப் பொட்டலத்தை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சிறுவர்கள் அதை மிட்டாய்போல் எடுத்துச் செல்வதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நிர்வாகக் குழுவிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றே. நம் பள்ளியில் நடைபெறும் நிக்காஹ்களில் அந்தப் பொட்டலத்தை நிறுத்திவிட்டு, பேரீச்சம்பழம் மட்டும் வழங்கத் தீர்மானம் இயற்றுங்கள். பெண் வீட்டாரிடம் பேச வேண்டிய பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.