உரிமத்தோடு கைமாறும் அறிவு

ஒரு நிறுவனம் தான் உருவாக்கிய தொழில்நுட்பத்தைக் குறித்த காலத்துக்கும் குறித்த பிரதேசத்துக்கும் மற்றொரு நிறுவனம் பயன்படுத்த இணங்கி, அதற்கு ஈடாக முன்பணமோ, விற்பனையில் ஒரு வீதமாக அமையும் ரோயல்டியோ பெறுவது உரிமம் வழங்கல் எனப்படும். இங்கு சொத்து வழங்குநரிடமே இருக்கிறது. சொத்தே விலைக்குப் போய்விடுமாயின் அது உரிமைமாற்றம். இலங்கையில் இவ்விரண்டையும் ஆளும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், புதிய கண்டுபிடிப்புக்கான ஆக்கவுரிமையை விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகளுக்கு வழங்குவதுடன், உரிம ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து இரு தரப்பாராலும் கையொப்பமிடப்பட வேண்டும் என்றும் கூறுகிறது.

ஆக்கவுரிமை ஆவணம் இரகசியம் அன்று. கண்டுபிடிப்பை விளங்கும்படி வெளியிட்டால்தான் அவ்வுரிமை கிடைக்கும் என்பதால், பணம் கொடாதவரும் அதை வாசிக்கலாம். அவ்வாறாயின் பணம் கொடுப்பவர் வாங்குவது என்ன என்ற கேள்வி எழுகிறது. வழக்குக்கு ஆளாகாமல் உற்பத்தி செய்யும் அனுமதி அதில் ஒரு பகுதி மட்டுமே. பட்டறை வரைபடங்கள், அச்சுக்கருவிகள், எந்த உலோகத்தை எவ்வளவு வெப்பத்தில் பதப்படுத்துவது என்பதுபோல ஆவணத்தில் எழுதப்படாத செய்நுட்ப அறிவு, சந்தையில் மதிப்புப்பெற்ற பெயர் ஆகியவையே பெரும்பாலும் கனமான பகுதியாகும்.

இதற்குத் தமிழ் நிலத்திலேயே தெளிவான சான்று உண்டு. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய ரோயல் என்ஃபீல்ட் நிறுவனம், இந்திய இராணுவம் புல்லட் மோட்டார் சைக்கிள்களை வாங்கத் தொடங்கியதன் பின்னர், மெட்ராஸ் மோட்டர்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச்சேர்ந்து 1955இல் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தை அமைத்தது. சென்னைக்கு வடக்கேயுள்ள திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் தொடக்கத்தில் நடந்தது, இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை உரிமத்தின் கீழ் பொருத்தும் வேலை மட்டுமே. அந்நிலை நீடித்திருப்பின் அந்த உரிமம் ஒரு விற்பனை முகவர் பத்திரத்துக்கு மேல் எதுவாகவும் ஆகியிராது. 1957இல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகளும் விற்கப்பட்டன. 1962 அளவில் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே உருவானது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இறக்குமதிக் கட்டுப்பாடும் நிலவிய அக்கால இந்தியாவில், உள்நாட்டிலேயே செய்தாக வேண்டிய நெருக்கடிதான் இந்நிலைக்கு இட்டுச்சென்றதே தவிர, வழங்குநரின் பெருந்தன்மை அன்று.

1967இல் ரெடிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் எஞ்சிய உற்பத்தியும் நின்றது. உரிமம் பெற்றவரோ தொடர்ந்து செய்து, 1977இல் அதே வண்டியைப் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கினார். 1990களில் ஐச்சர் குழுமத்தின் கைக்கு வந்த அந்நிறுவனம் ரோயல் என்ஃபீல்ட் என்ற பெயரையே சூடிக்கொண்டபோது, அப்பெயர் யாருக்குரியது என்ற பிணக்கு பிரித்தானியாவில் எழுந்து இந்திய நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. எனினும் இந்த வெற்றியில் ஒரு குறையும் உண்டு. வந்தவை வரைபடங்களே, அவ்வரைபடங்களை அவ்வாறு வரைந்ததற்கான காரண அறிவு வரவில்லை. வார்ப்பிரும்பு எஞ்சினுடன் அதே புல்லட் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் ஓடியதைப் பாரம்பரியம் என்று புகழ்வது விளம்பரத்துக்கு அழகாக இருக்கலாம். உண்மையில் அது, செய்யக் கற்றவர் வடிவமைக்கக் கற்றுக்கொள்ள எடுத்த நீண்ட காலத்தின் அடையாளமே. 1948இல் நிறுவப்பட்டு, சென்னை எண்ணூரில் ஒஸ்டின் கார்களைப் பொருத்திய அசோக் மோட்டர்ஸ், லேலண்ட் நிறுவனத்துடன் இணைந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆகி, 1982இல் இலங்கை அரசுடன் கூட்டாக லங்கா அசோக் லேலண்டை நிறுவியதும் இவ்வழியின் மற்றொரு கிளையே.

எதிர்த்திசைப் பயணம் இலங்கையிலும் நிகழ்ந்துள்ளது. அரசும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து 2008இல் அமைத்த இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம், நெல் வயலில் இட்டவுடன் கரைந்து நீரிலும் காற்றிலும் வீணாகும் யூரியாவை மெல்ல மெல்ல வெளிவிடச் செய்யும் உரத்தை ஆராய்ந்தது. எலும்பிலுள்ள கனிமமான ஐதரொட்சிஅபடைட்டின் நுண்துகள்களில் யூரியாவை ஏற்றி, வேலியோரக் கிளிரிசிடியா மரத்தின் நுண்குழிகளில் அடைக்கும் முறைக்கு 2013இல் அமெரிக்க ஆக்கவுரிமை கிடைத்தது. அது இந்தியாவின் நாகார்ஜுனா உர நிறுவனத்தின் பெயருக்கு மாற்றப்பட்டது. ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கட்டுரையின்படி, யூரியாவின் அளவைப் பாதியாகக் குறைத்தும் நெல்லுக்குப் பயன்படுத்தலாம் எனக் களச்சோதனை காட்டியது. கிழக்கிலங்கையின் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் வேளாண்மை செய்வோருக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

உரிமைமாற்றத்தைத் தவறென்று கூற இடமில்லை. பேரளவு உரஆலை இல்லாத நாடு அத்தகைய கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் பெறப்படுவதால், வெளிநாட்டு உரிமையை விற்கும்போதே சொந்த நாட்டுக்கான உரிமையை வைத்துக்கொள்ளவும், அல்லது விற்றவர் தாமே பயன்படுத்துவதற்கான மீளுரிமத்தை ஒப்பந்தத்தில் சேர்க்கவும் முடியும். பெறுநர் பின்னர் செய்யும் மேம்பாடுகள் யாருக்குரியவை என்ற வாசகம் இன்னும் முக்கியமானது. என்ஃபீல்ட் கதையில் பெறுநர் பக்கத்திலிருந்து தெரிந்த அதே சிக்கல், அதாவது கைமாறியபின் அறிவு யாரிடம் வளரும் என்பது, இங்கு வழங்குநர் பக்கத்திலிருந்து தெரிகிறது.

கிழக்குக் கரையில் உரிமம் வழங்குவதற்கு ஆலை வேண்டியதில்லை. மருதமுனை நெசவாளர் ஒருவரின் புதிய சேலைக் கோலம் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிவு பெற்றால், 5 ஆண்டுகளும் இரு புதுப்பித்தல்களுமாக 15 ஆண்டுகள் வரை காப்புப் பெறும். கொழும்பு வணிகருக்கு அதை உரிமமாகக் கொடுக்கலாம். பதிவுக்கு முன்னரே சந்தையில் விற்றுவிட்டால் புதுமை என்ற தகுதியே ஐயத்துக்குள்ளாகும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கோ வேறொரு விதி உண்டு: பணி ஒப்பந்தத்தின் கீழ் உருவான கண்டுபிடிப்பு, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, பணிக்கமர்த்தியவருக்கே உரியது, அதன் பொருளாதாரப் பெறுமதி எதிர்பார்த்ததைவிட மிகுந்துவிட்டால் கண்டுபிடித்தவர் நியாயமான ஊதியம் கோரலாம். அதன் அளவை ஆய்வு தொடங்கும் முன்னரே ஒப்பந்தத்தில் எழுதிவைக்காத பல்கலைக்கழகம், அதைப் பின்னர் தன் ஆய்வாளருடனேயே வழக்காடித் தீர்க்க நேரிடும்.