காலத்தின் மேல் பழி போடாதீர்கள்



அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் பெயரை எடுத்தாலே, அவர் செய்த கொடுமைகளுக்கு ஒரு சமாதானம் சொல்ல ஆள் வந்துவிடுகிறார்கள். "அந்தக் காலம் அப்படி. காட்டோரக் குடியேற்றத்தில் வளர்ந்த மனிதர். அவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?" இந்தச் சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன்.

ஜாக்சன் சட்டம் அறியாதவரா? 1787இல் வட கரோலினாவில் வக்கீல் உரிமம் வாங்கியவர். மறு ஆண்டே மலை தாண்டி நாஷ்வில் போய் அரசு வழக்கறிஞர் ஆனவர். கடன் கொடுத்தவர்களுக்காக வழக்காடி, பாக்கியை வசூலித்துக் கொடுத்தே பெயரெடுத்தவர். எழுதிக் கொடுத்த பத்திரத்துக்கு என்ன மதிப்பு என்று அவருக்கா தெரியாது? 1796இல் டென்னசிக்கு அரசமைப்புச் சட்டம் வகுத்த மாநாட்டில் அமர்ந்தவர். பிறகு நாடாளுமன்ற உறுப்பினர், செனட்டர், ஆறு ஆண்டுகள் மாநில மேல்நீதிமன்ற நீதிபதி!

1804இல் நீதிபதி பதவியை விட்டார். அதே ஆண்டு அக்டோபரில் நாஷ்வில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தந்தால் 50 டாலர். அதோடு விட்டாரா? பிடிக்கிறவர் கொடுக்கும் ஒவ்வொரு 100 கசையடிக்கும் 10 டாலர் கூடுதல், 300 அடி வரைக்கும்! ஆத்திரத்தில் கத்திய வார்த்தையல்ல இது. அடிக்கு விலை குறித்து, உச்சவரம்பு வைத்து, கீழே தன் பெயரையும் போட்டு அச்சேற்றியது.

அவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றது 1829இல். அதற்கு முன்பே செரோக்கிப் பழங்குடி மக்களிடம் சொந்த எழுத்து இருந்தது, எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் இருந்தது, செய்தித்தாள் இருந்தது. அவர்களையும் மற்றப் பழங்குடிகளையும் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அனுப்ப 1830இல் சட்டம் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 102, எதிர்ப்பு 97. ஐந்தே வாக்கு வித்தியாசம்! காலம்தான் அப்படி என்றால், அந்த 97 பேரும் எந்தக் காலத்தில் வாழ்ந்தார்கள்?

அவர்களில் ஒருவர் டேவி கிராக்கெட். அதே டென்னசிக்காரர். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர், வேட்டைக்காரர். சட்டம் படித்த ஜாக்சனுக்குத் தோன்றாத நியாயம் அவருக்குத் தோன்றியது. தம் மாநிலத் தலைவருக்கு எதிராகவே வாக்களித்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் பதவியை இழந்தார்.

1832இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது: செரோக்கி மண்ணில் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது. முன்னாள் நீதிபதி அந்தத் தீர்ப்பைக் காக்க விரல்கூட அசைக்கவில்லை. 1835இல், மண்ணை விட்டு வெளியேறுவதற்கான, செரோக்கித் தலைவர் ஜான் ராஸின் அரசு ஒப்பாத ஒப்பந்தத்தில் ஒரு சிறு குழுவிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஜாக்சனின் பதவி முடிந்த மறு ஆண்டு, 1838இல், துப்பாக்கியோடு சிப்பாய்கள் வீடு வீடாக வந்தார்கள். விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 16,000 பேர். முகாமிலும் வழியிலும் மாண்டவர்கள் 4,000 பேர்வரை என்று கணக்கிடுகிறார்கள்.

அந்த மனிதரின் முகம் 1928 முதல் 20 டாலர் நோட்டில் இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் அடிமைத்தளையை உடைத்த ஹாரியட் டப்மன் படம் வரும் என்று 2016இல் அமெரிக்க அரசே அறிவித்தது. அறிவித்ததைச் செய்யட்டும்!