நாங்கள் எத்தனை பேர்?

(புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் ஏ.எல். வரை படித்த தொழிற்சாலைத் தொழிலாளி. பேச்சாளன் இல்லை. ஒரேயொரு விஷயத்தைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

சென்ற வருடம் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கு மண்டபம் கேட்டுப் போனோம். "இந்த வட்டாரத்தில் தமிழர் எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். "கனபேர்" என்றோம். சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். அங்கு வேலை செய்யும் அம்மா கொம்பியூட்டரில் 'நோமிஸ்' என்ற இணையத்தளத்தைத் திறந்தா. 2021 குடிசன மதிப்பு, முதன்மை மொழி, எங்கள் வட்டாரம் என்று ஒவ்வொன்றாகத் தெரிவு செய்யக் காட்டித் தந்தா. காசு இல்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் தமிழை முதன்மை மொழியாக எழுதியோர் ஏறக்குறைய 125,000 பேர். எங்கள் வட்டாரத் தொகையையும் அச்செடுத்துக்கொண்டு திரும்பப் போனோம். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மனுவை வாங்கிப் பதிந்தார்கள்.

ஆனால் அந்தத் தொகையில் நான் இல்லை. 2021இல் பயந்து என் பெயரை எழுதாமல் விட்டவன் நான். ஊரில் பெயர் பதிந்துகொண்டு போனால் என்ன பயமென்று உங்களுக்குத் தெரியும். இங்கே பெயர் விபரம் 100 வருடம் வெளியே வராது. 1921ஆம் ஆண்டுப் பத்திரங்கள் 2022இல்தான் வெளிவந்தன. எங்கள் நாட்டிலோ போரினால் 1981க்குப் பிறகு 2012 வரை முழு நாட்டையும் எண்ணவே முடியவில்லை.

அடுத்த பத்திரம் வரும்போது பயப்படாமல் நிரப்புங்கள். தொகை பார்க்க வேண்டுமென்றால் நூலகத்துக்கு வாங்கோ. சனிக்கிழமைகளில் நானும் நிற்பேன்.