நீரில் கரைந்த எச்சரிக்கை



நீரில் மீன் செத்து மிதந்தால்தான் நீர் கெட்டது என்று நாம் கொள்கிறோம். வெலிங்டன் ஏரியாயினும் ஊர்க்குளமாயினும் நம் அளவுகோல் அதுவே. அவ்வளவுகோல் போதாது என்பதற்கு மீன்களே சான்று.

தேனீக்களின் நடனத்தை விளக்கி 1973இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் ஃபான் ஃபிரிஷ், 1938இல் ஓர் உண்மையை வெளியிட்டார். அடையாளத்திற்காகச் சிறு காயம் செய்த மீனொன்றைக் கூட்டத்தில் விட்டபோது, மற்ற மீன்கள் அஞ்சிக் கலைந்தன. மீன் தோலை நசுக்கிக் கரைத்த நீரை ஊற்றினாலும் அதே கலக்கம். மோப்ப நரம்பை அறுத்த மீன்களுக்கோ கலக்கமே இல்லை. மீனின் நாசி மூச்சுக்கன்று, மோப்பத்திற்கே.

நம் கெண்டையும் கெளுத்தியும் இவ்வியல்புடைய பெருங்குலத்தைச் சேர்ந்தவை. கொக்கு கொத்தித் தோல் கிழிந்தால்தான் அப்பொருள் நீரில் கசியும். உடனே உறவுகள் நெருங்கித் திரண்டு அடியில் பதுங்கும். அதில் கான்ட்ராய்டின் என்னும் சர்க்கரைச் சேர்மத்தின் துணுக்குகள் உள்ளன என்று, சிங்கப்பூரில் சுரேஷ் ஜேசுதாசன் முதலிய அறிஞர் 2012இல் கண்டனர்.

இதனினும் வியப்பு, மீன் கற்பது. முன்பின் அறியாத பகைமீனின் வாடை இவ்வச்சப் பொருளோடு ஒருமுறை கலந்து வந்தால் போதும். பிறகு அவ்வாடை மட்டும் வந்தாலும் சில மீன்கள் ஒளிந்துகொள்கின்றன. ஒரே பாடத்தில் இவ்வளவு கற்கும் மாணவன் எந்த ஆசிரியருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை!

இனி, செம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீங்கான் மெருகிற்குப் பச்சை நிறம் ஏற்றுவதும், பயிர்ப் பூஞ்சணத்திற்குத் தெளிக்கும் மயில்துத்தத்தில் இருப்பதும் இச்செம்பே. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு செம்பு, மூன்று மணி நேரம் பட்டாலே, இளஞ் சால்மன் மீன்களின் மோப்பம் மங்குகிறது என்று அமெரிக்க ஆய்வொன்று 2007இல் காட்டியது. மக்கிய சருகின் சாறு நீரில் கரைந்திருந்தால் செம்பின் கடுமை ஓரளவு தணியும். தெளிந்த நீரில் அக்காப்பும் குறைவு.

அம்மீன் சாவதில்லை. நீந்துகிறது, நோயின் அடையாளம் ஒன்றும் இல்லை. கரையில் நின்று பார்ப்பவர் நீர் நன்று என்பார். அருகிலேயே ஒரு மீன் கிழிபட, அதன் எச்சரிக்கை நீரில் பரவ, இது மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். மருந்து தெளித்த கருவியை நாம் கழுவுவது பெரும்பாலும் அந்தக் கரையில்தான்.