கல்லை அறிந்து கழுவுக

மரம் உளுக்கும், இரும்பு துருப்பிடிக்கும், கல்லுக்கு அழிவேது என்று நாம் எண்ணுகிறோம். நாமக்கல் நகரின் நடுவே நிற்கும் பெரும் பாறையையும், ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டில் அதைக் குடைந்து அமைத்த கோயில்களையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு அவ்வெண்ணம் இயல்பே. ஆயினும் கல்லெல்லாம் ஓரினம் அல்ல.

நம் சமவெளியே இதற்குச் சான்று. சேலத்தை அடுத்த வெண்ணிறக் குன்றுகளைக் கண்ட ஆங்கிலேயர், சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்று பொருள்படும் பெயரை அவற்றுக்கு இட்டனர். உண்மையில் அங்கே கிடைப்பது, உலைகளுக்குச் செங்கல் செய்ய உதவும் மாக்னசைட்டு. சங்ககிரிப் பக்கம் கிடைப்பதோ சுண்ணாம்புக்கல். நிறத்தை மட்டும் கண்டு கல்லின் இனத்தைத் துணிதல் கூடாது.

இப்பிழை நம் வீடுகளிலும் நேர்கிறது. அம்மியும் ஆட்டுக்கல்லும் கருங்கல். சமையல் மேடையும் அலமாரித் தட்டும், பல வீடுகளில் தரையும் கடப்பைக்கல். இரண்டும் கறுப்பே, பிறப்புத்தான் வேறு. கருங்கல் பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தில் உருவானது. கடப்பைக்கல், பழங்காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு இறுகியது. அதன்மேல் எலுமிச்சைச்சாறு சிந்தினால் வெளிறிய தடம் விழும். பித்தளைக் குடத்தை அத்தரையில் வைத்துப் புளியிட்டுத் துலக்கினால், குடம் பளபளக்கும், தரை மங்கும்.

அத்தடம் அழுக்கு அன்று. புளிப்பு சுண்ணாம்பைக் கரைத்து, மெருகைத் தின்றுவிட்ட தழும்பு. இதை அறியாமல் அதன்மேல் ஆசிட்டை ஊற்றுவோரை நான் கண்டிருக்கிறேன். நோய் தந்த பொருளையே மருந்தாக ஊட்டுவது போன்றது அது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்துவிட்டால் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும். குனிந்து தரை கழுவுகிற தாயோ, கூலிக்கு வரும் அம்மாளோ அதைச் சுவாசிக்க நேரும். இவ்விரண்டையும் ஒருபோதும் கலக்கலாகாது.

கல்லின் இனத்தை அறிய எளிய சோதனை உண்டு. கண்ணில் படாத மூலையில் ஒரு துளி எலுமிச்சைச்சாறு விட்டு, சில நிமிடங்கள் கழித்துத் துடையுங்கள். அவ்விடம் மங்கினால் அது சுண்ணாம்பினம். பளிங்குத் தரையும் இவ்வினமே. மாறாவிட்டால் பெரும்பாலும் கருங்கல்லினம்.

மற்றொரு பகை மணல். 1812-இல் ஜெர்மானிய அறிஞர் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவில், மணலிலுள்ள குவார்ட்சுக்கு 7. சுண்ணாம்புக்கல்லின் கால்சைட்டுக்கு 3. ஆகவே, மணலைப் பெருக்காமல் ஈரத்துணியால் தேய்த்தால், தரையை நாமே கீறுகிறோம். முதலில் பெருக்குதல், பிறகு துடைத்தல் என்பதே முறை.

கடினமும் புளிப்பைத் தாங்கும் திறனும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். நம் பாட்டிமாரின் கல்சட்டி, நகம் பட்டாலே கீறல் விழும் மாக்கல்லில் கடைந்தது. ஆயினும், அதில் புளிக்குழம்பு கொதித்தது. மாக்கல்லில் பெரும்பகுதி சுண்ணாம்பு அன்று. ஆதலால் புளி அதை எளிதில் அரிப்பதில்லை.

செய்ய வேண்டியவை சிலவே. சிந்திய புளிப்பையும் எண்ணெயையும் உடனே துடையுங்கள். காரமில்லாத சோப்பு நீரே போதும். உப்பு மிகுந்த கிணற்று நீரால் கழுவினால், உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள், வெண்படலம் படியாது. புளியிட்டுத் துலக்கும் பாத்திரங்களை ஒரு தாம்பாளத்தில் வைத்துத் துலக்குங்கள். முன்பே தழும்பு விழுந்த கல்லுக்கு, மெருகிடுவோரை அழைப்பதே வழி.

இன்று மாலையே உங்கள் வீட்டுக் கல் எவ்வினம் என்று சோதித்துப் பாருங்கள். கண்டதை வீட்டில் தரை கழுவுகிறவருக்கு முதலில் சொல்லுங்கள்.