லோக்கல் ஆளுக்கு ரூம் கிடையாது: திரும்பத் திரும்பப் போற ராமேஸ்வரம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் நான் மட்டும்தான். கூடப் பேசுற ஆளுக்குத் தொண்டை கட்டிருச்சு, அதனால அரை மணி நேரம் என்னைத் தனியா சகிச்சுக்கோங்க.

போன மாசம் ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜ் வாசல்ல பையோட நிக்கிறேன். ரிசப்ஷன்ல இருந்த அண்ணன் ஆதார் கேட்டார். குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஏம்மா, பாம்பன்னு போட்டிருக்கு? லோக்கல் ஆளுக்கு ரூம் தர்றதில்லையே"ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏன்னா அதுக்கு மூணு மாசம் முன்னாடிதான் பாம்பன் வீட்டைக் காலி பண்ணிட்டு அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்தோம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், அங்க தனியா இருக்க முடியல. ஆக, முப்பத்தொரு வருஷத்துல முதல் தடவையா அந்தத் தீவுல காசு குடுத்துத் தங்கப் போறேன், அன்னிக்குன்னு பார்த்து என்னை லோக்கல்னு சொல்றாங்க. அவர்கிட்ட முழுக் கதையும் சொல்லி, ஆபீஸ் ஐடி எல்லாம் காட்டி, ஒரு வழியா ரூம் கிடைச்சது.

ரூம்ல உட்கார்ந்து யோசிச்சேன். சொந்த ஊருக்குப் போனா நாம எங்க போவோம்? எங்கயும் போக மாட்டோம். தூங்குவோம், மீன் குழம்பு சாப்பிடுவோம், திரும்பத் தூங்குவோம், ரயில் ஏறிடுவோம். வீடுன்னு ஒண்ணு இருந்தா ஊரைப் பார்க்கவே தோணாது. இப்ப வீடு இல்ல. போறதுக்கு ஒரு காரணம் வேணும், இடம் வேணும். அப்படி நான் திரும்பத் திரும்பப் போற சில இடங்களைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன். "டாப் டென்" எல்லாம் எதிர்பார்க்காதீங்க.

முதல்ல பாலம். இது இடமான்னு கேட்காதீங்க, எங்களுக்கு ஊர் ஆரம்பிக்கிறதே அங்கதான். பழைய பாம்பன் ரயில் பாலம் 1914ல திறந்தது. கப்பல் வந்தா நடுவுல பாலம் ரெண்டாப் பிரிஞ்சு மேல தூக்கும். மோட்டார் கிடையாது. ரெண்டு பக்கமும் ஆட்கள் நின்னு கையாலயே சுத்தித் தூக்குவாங்க. சின்ன வயசுல நான் அதைப் பார்த்த மாதிரி சினிமா கூடப் பார்த்ததில்ல. 2022 டிசம்பர்ல அதுல ரயில் போறது நின்னுபோச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல ரயில் இந்தக் கரையோட நின்னுடும், மண்டபத்துல இறங்கி பஸ் பிடிக்கணும். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தாங்க. இதுல நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளம், லிஃப்ட் மாதிரி அப்படியே நேரா மேல போகுது. இன்ஜினியரிங் படிச்சவங்க பிரமிக்கிறாங்க. எனக்கு என்ன குறைன்னா, பழைய பாலத்துல ரயில் ஊர்ந்துதான் போகும். அந்தக் கொஞ்ச நேரத்துல தூங்கிட்டிருக்கிற குழந்தைகளைக்கூட எழுப்பி ஜன்னலுக்குக் கூட்டிட்டு வருவாங்க. முன்னப் பின்ன தெரியாதவங்க எல்லாரும் ஒரே பக்கம் நின்னு ஒரே கடலைப் பார்ப்போம். இப்ப ரயில் வேகமாப் போயிடுது. நல்லதுதான். ஆனா டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கடல் தீர்ந்துபோச்சு.

நீங்க போனா பக்கத்துல இருக்கிற ரோட்டுப் பாலத்துல சாயங்காலம் நடந்து போங்க. 1988ல திறந்தது. ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. எங்க ஊர்ல வடக்குப் பக்கக் கடலைப் பெண் கடல்னும், தெற்குப் பக்கத்தை ஆண் கடல்னும் சொல்லுவாங்க. ஒண்ணு அமைதியா இருக்கும், ஒண்ணு இரையும். ஆணையும் பெண்ணையும் பத்தின இந்தக் கணிப்புல எனக்கு உடன்பாடு கிடையாது, எங்க அம்மாவைப் பார்த்தவங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க. (சிரிப்பு)

அடுத்து, கோயில். சாமி கும்பிடுறதும் கும்பிடாததும் உங்க விருப்பம். நான் போறது மூணாம் பிரகாரத்துக்காக. 1212 தூண்கள். காலைல போனா அக்னி தீர்த்தத்துல குளிச்சுட்டு, உள்ள இருக்கிற 22 தீர்த்தத்துலயும் வாளி வாளியா ஊத்திக்கிட்டு ஈரத்தோட ஓடுற கூட்டம். அது ஒரு அனுபவம், ஒரு தடவை போதும். ராத்திரி எட்டு மணி வாக்குல போங்க. தரை காஞ்சிருக்கும், கூட்டம் வடிஞ்சிருக்கும். ஒரு மூலைல நின்னு நேராப் பார்த்தா தூண் தூணா சின்னதாகிக்கிட்டே போய், கடைசித் தூண் விரல் அளவுல தெரியும். பத்தாம் வகுப்பு மார்க் வந்த அன்னிக்கு, வீட்டுக்குப் போகப் பயந்து நான் ரெண்டு சுத்து சுத்தின இடம் அது. என்ன மார்க்னு கேட்காதீங்க. ஆடி, தை அமாவாசைல மட்டும் தயவுசெஞ்சு போயிடாதீங்க, நிக்க இடம் இருக்காது.

ராமநாதபுரம் டவுன்ல ராமலிங்க விலாசம் அரண்மனை இருக்கு. தீவுக்கு அவசரமாப் போறவங்க யாரும் இங்க இறங்குறதே இல்ல, எனக்கு அதுல வருத்தம். கிழவன் சேதுபதி கட்டினது, இப்ப தொல்லியல் துறை மியூசியம். உள்ள சுவர் முழுக்க 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். ஒரு சுவர்ல தஞ்சாவூர் மராத்தியரோட சண்டை, இன்னொண்ணுல சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள், தொப்பியும் கோட்டுமா, நம்ம வெயில்ல. அந்த வியர்வையை ஓவியர் வரையல, ஆனா எனக்குத் தெரியும். பக்கத்துல கீழக்கரை போனா தொதல் வாங்கிடுங்க. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டுற அல்வா மாதிரி ஒண்ணு. அரைக் கிலோ வாங்கினா ரயில்லயே முடிஞ்சிரும், ஒரு கிலோவா வாங்குங்க.

சரி, தனுஷ்கோடி. இதைச் சொல்லத்தான் மத்ததெல்லாம் சொன்னேன்.

எங்க அம்மாச்சி தனுஷ்கோடில பிறந்தவங்க. அப்ப அது பெரிய ஊர். மெட்ராஸ்ல ரயில் ஏறி தனுஷ்கோடில இறங்கி, கப்பல்ல தலைமன்னார் போய், அங்க இருந்து கொழும்புக்கு ரயில். போட் மெயில்னு பேர். அம்மாச்சியோட அப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடிச்சப்ப அம்மாச்சிக்குப் பதினெட்டு வயசு. அக்கா பிரசவத்துக்காகத் தங்கச்சிமடம் வந்திருந்தாங்க. அன்னிக்கு ராத்திரி பாம்பன்ல இருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பின பாசஞ்சர் ரயிலை அலை அடிச்சுட்டுப் போச்சு. அதுல இருந்த யாருமே பிழைக்கல. ஊரும் போச்சு. மனுஷங்க வாழத் தகுதியில்லாத இடம்னு அரசாங்கமே அறிவிச்சது. அம்மாச்சியோட அப்பா மட்டும் ரெண்டு நாள் கழிச்சு மணல்லயே நடந்து வந்து சேர்ந்தார். எப்படித் தப்பிச்சார்னு அவர் கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலையாம்.

அதுக்கப்புறம் அம்பது வருஷத்துக்கு மேல அம்மாச்சி அங்க போகல. இருபது கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். நாங்க ஸ்கூல் படிக்கிறப்ப முகுந்தராயர் சத்திரத்துல இருந்து வேன்ல, பாதி மணல் பாதி தண்ணில குலுங்கிக் குலுங்கிப் போய்ப் பார்த்துட்டு வருவோம். அம்மாச்சியைக் கூப்பிட்டா, "எழவு வீட்டுக்கு யாருத்தா வேன் வச்சுப் போவா"ன்னு சொல்லிட்டு வேற வேலை பார்ப்பாங்க.

2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டாங்க. அந்த வருஷம் எனக்கு முதல் வேலை கிடைச்சிருந்தது, முதல் சம்பளம். என்ன வேணும் அம்மாச்சின்னு கேட்டேன். சேலை கேப்பாங்கன்னு நினைச்சேன். "தார் ரோடு போட்டுட்டாகளாமே, கூட்டிட்டுப் போறியா"ன்னாங்க.

ஆட்டோல போனோம். இடிஞ்ச சர்ச் கிட்ட இறங்கினோம். சுத்தி எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டு இருக்காங்க. அம்மாச்சி சர்ச்சைப் பார்க்கவே இல்ல. முதுகை அதுக்குக் காட்டி நின்னு, கடலைப் பார்த்து, விறுவிறுன்னு நடக்க ஆரம்பிச்சாங்க. எழுபத்தொரு வயசு. ஒரு இடத்துல நின்னு, இல்லன்னு தலையாட்டி, திரும்ப வந்தாங்க. மறுபடி சர்ச்ல இருந்து ஆரம்பிச்சாங்க. மூணு தடவை. எனக்கு அப்பதான் புரிஞ்சது, காலடி எண்ணுறாங்க. வீடு இருந்த இடத்தைத் தேடுறாங்க. கிடைக்கல. கடைசியா, "கடலு நகந்துருச்சு போலத்தா"ன்னாங்க. அழல. எனக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியாம ஃபோனை எடுத்தேன், ஃபோட்டோ எடுக்க. "அத உள்ள வை"ன்னாங்க. வச்சுட்டேன்.

அங்க இன்னமும் சில மீனவக் குடும்பங்கள் இருக்காங்க. அப்ப கரண்ட் கம்பி கிடையாது. ஒரு அக்கா மணல்ல கையால தோண்டின ஊத்துல இருந்து குடத்துல தண்ணி மொண்டுட்டு இருந்தாங்க. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல ஒரு ஆள் உயரம்கூட தோண்ட வேண்டாம், நல்ல தண்ணி வரும். அம்மாச்சி அவங்ககிட்டப் போய் கையை ஏந்தி வாங்கிக் குடிச்சாங்க. குடிச்சுட்டு என்கிட்டத் திரும்பி, "இது அதே தண்ணிதான்"ன்னாங்க. எனக்கும் குடுத்தாங்க. லேசா மணல் வாசனை. அப்புறம் அந்த அக்காவும் அம்மாச்சியும் உட்கார்ந்து, யாரு யாரு பேத்தின்னு ஆரம்பிச்சு, முக்கால் மணி நேரம் பேசினாங்க. ஆட்டோக்காரர் வெயிட்டிங் சார்ஜ் முந்நூறு கேட்டார், அது தனிக் கதை.

அம்மாச்சி 2021ல தவறிட்டாங்க. போன மாசம் நான் போனப்ப அரிச்சல்முனைல ஒரே வண்டி, ஒரே கூட்டம், அசோகத் தூணைச் சுத்தி வீடியோ. திட்டல, நானும் அதைத்தான் பண்ணியிருப்பேன். ஆனா ரெண்டு விஷயம். முனைல தண்ணில இறங்காதீங்க, ரெண்டு கடலும் சேர்ற இடம், இழுப்பு மோசம். சர்ச் சுவர்ல இருக்கிற பவளக் கல்லைப் பேத்து எடுத்துட்டு வராதீங்க, பாதிச் சுவர் அப்படியே போயிருச்சு.

நான் சர்ச்ல இருந்து கடல் பக்கமா நடந்தேன். அம்மாச்சி எத்தனை அடி எண்ணினாங்கன்னு கேட்டு வச்சுக்காம விட்டுட்டேன். சும்மா நடந்தேன். அந்த ஊத்து அக்காவைத் தேடினேன், அவங்க பொண்ணு இருந்தா, மீன் வறுத்து வித்துட்டு இருந்தா. சீலா மீன், ரெண்டு துண்டு வாங்கினேன். "எங்க இருந்து வர்றீங்க அக்கா"ன்னு கேட்டா. சென்னைன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் பாம்பன்னு சொன்னேன். உடனே விலைல இருபது ரூபாய் குறைச்சுட்டா.

ஜனவரில மறுபடி போறேன், அம்மாவையும் கூட்டிட்டு. டிக்கெட் போட்டாச்சு. ரூமுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல, அம்மாவோட ஆதார்லயும் பாம்பன்தான் இருக்கு.