அவெஞ்சர் ஃபீல்டு: பதிவேட்டில் இடம் மறுக்கப்பட்ட விமானிகள்



ஓர் ஆசிரியையின் பெயர் மறைந்துவிடக் கூடாது என்று, அவரிடம் படித்த மாணவிகள் பணம் சேர்த்து நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. அந்த எண்ணத்துக்கு ஏற்ற ஒரு பொருளைத் தேடினேன். நாட்டுக்காக உழைத்தும் நாட்டின் பதிவேட்டில் பெயர் ஏறாத பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் பறக்கப் பயின்ற தளத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரிலிருந்து மேற்கே முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் போனால் ஸ்வீட்வாட்டர் என்ற சிற்றூர். பெயரில்தான் இனிக்கும் தண்ணீர். ஊரைச் சுற்றிப் பொட்டல் வெளி, ஓயாத புழுதிக்காற்று, விரியன் இனத்துச் சலங்கைப் பாம்புகள். இரண்டாம் உலகப் போருக்குள் அமெரிக்கா இறங்கிய பிறகு அங்கே ஒரு விமானப் பயிற்சித் தளம் எழுந்தது. பழிதீர்ப்போரின் களம் என்று பொருள்படும் ‘அவெஞ்சர் ஃபீல்டு’ என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1943 பிப்ரவரியில் பயிற்சி பெறும் பெண்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அந்த வசந்த காலத்திலேயே ஆண்களின் வகுப்புகள் முடிய, தளம் முழுவதும் பெண்களுடையதாயிற்று.

இந்தப் பெண் விமானிகள் திட்டத்தை நடத்தியவர் ஜாக்குலின் காக்ரன் என்ற புகழ்பெற்ற விமானி. அவர்களது படையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ‘வாஸ்ப்’ என்றார்கள். ஆங்கிலத்தில் அது குளவியையும் குறிக்கும். 25,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 1,830 பேருக்கு இடம் கிடைத்தது. 1,074 பேர் தேறினார்கள். ஓர் ஆண் விமானத்தைத் தொட்டுப் பார்க்காமலேயே ராணுவப் பயிற்சியில் சேரலாம். பெண்ணோ தன் சொந்தச் செலவில் பறக்கக் கற்று, உரிமம் வாங்கிக்கொண்டுதான் விண்ணப்பிக்கவே முடியும். ஸ்வீட்வாட்டர் வரை ரயில் கட்டணமும் அவள் பொறுப்பு. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சம்பளத்தில் பிடித்தம்.

அந்தத் தளத்தின் அன்றாடத்தைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்போம். பெண்களின் அளவுக்கு உடை தைக்கப்படவில்லை. ஆண் மெக்கானிக்குகளின் முழு உடையைத்தான் கொடுத்தார்கள். கையையும் காலையும் பலமுறை மடித்துவிட்டு, இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஓடுபாதைக்கு நடந்தார்கள். பாசறைக்கு நடுவே கல் பதித்த வட்டமான தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. தேர்வுக்குப் போகும் பெண் அதில் ஒரு காசைப் போட்டுவிட்டுப் போவாள். முதல்முறை தனியே பறந்து இறங்கியவளைத் தோழிகள் தூக்கிக்கொண்டு வந்து, அந்தப் பெரிய உடையோடு அதே தொட்டியில் போடுவார்கள். சொட்டச் சொட்ட நனைந்து எழுந்தால் அவள் விமானி. அந்த ஒரு முழுக்கில் கிடைத்த அங்கீகாரத்தை அரசாங்கம் கொடுப்பதற்கு இன்னும் முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் ஆயின.

சட்டப்படி அவர்கள் சிவில் ஊழியர்கள். ராணுவ நடைபோட்டார்கள், ராணுவ ஒழுங்கில் வாழ்ந்தார்கள், ராணுவ விமானங்களை ஓட்டினார்கள். ஆனால் ராணுவத்தினர் அல்லர். இந்த வேறுபாடு உயிரோடு இருக்கும்வரை பெரிதாகத் தெரியாது. யாராவது இறக்கும்போதுதான் தெரியும். மொத்தம் 38 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் பயிற்சியின்போதே. சவப்பெட்டியை ஊருக்கு அனுப்ப அரசுப் பணம் வரவில்லை. குடும்பம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தோழிகள் வசூல் செய்ய வேண்டும். பெட்டிமேல் தேசியக் கொடி போர்த்த உரிமை இல்லை.

அந்த 38 பேரில் கடைசியாக இறந்தவர் ஹேசல் யிங் லீ. ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் பிறந்த சீன வம்சாவளி அமெரிக்கர். அவெஞ்சர் ஃபீல்டில் தேறியவர். 1944 நவம்பர் 23 அன்று, சோவியத் நாட்டுக்குப் போக வேண்டிய பி-63 போர் விமானத்தை மொன்டானாவின் கிரேட் ஃபால்ஸ் தளத்துக்குக் கொண்டுவந்தார். இறங்கும் வேளையில் அவருக்கு மேலே இன்னொரு பி-63. அதன் வானொலி வேலை செய்யவில்லை. மேலே எழும்பும்படி கோபுரத்திலிருந்து உத்தரவு வந்தது. அதைக் கேட்டு எழும்பியது ஹேசலின் விமானம் மட்டுமே. இரண்டும் மோதித் தீப்பற்றின. இரண்டு நாள் கழித்து, தமது 32-வது வயதில் அவர் இறந்தார். வீட்டுக்குத் தந்தி வந்த சில நாள்களிலேயே, அவருடைய தம்பியும் பிரான்ஸ் போர்முனையில் மாண்டார் என்ற செய்தி வந்தது. இருவரையும் சேர்த்து அடக்கம் செய்ய ஓர் இடுகாட்டில் இடம் கேட்டார்கள். ஆசியர்களுக்கு அந்தப் பகுதியில் இடமில்லை என்றது நிர்வாகம். குடும்பம் விடவில்லை, போராடி அந்த இடத்தையே பெற்றது. இதைப் படித்த நாளிலிருந்து என்னால் இந்தக் குடும்பத்தை மறக்க முடியவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். கறுப்பினப் பெண்களுக்கு அவெஞ்சர் ஃபீல்டின் கதவும் திறக்கவில்லை. அலபாமாவின் டஸ்கீகியில் பயின்று உரிமம் வாங்கிய மில்ட்ரெட் ஹெமன்ஸ் விண்ணப்பித்தார். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். பெண் என்பதால் தாமே புறக்கணிப்பைச் சந்தித்த காக்ரன் இதை ஏற்றுக்கொண்டது பெரும் பிழை என்றே நான் கருதுகிறேன்.

1944 ஜூனில், இவர்களை ராணுவத்தில் சேர்க்கும் மசோதா பிரதிநிதிகள் அவையில் 188-க்கு 169 என்ற வாக்குகளில் தோற்றது. டிசம்பர் 7 அன்று அவெஞ்சர் ஃபீல்டில் கடைசி வகுப்பு தேறியது. விமானப்படைத் தளபதி ஜெனரல் ஆர்னால்டு நேரில் வந்து, தொடக்கத்தில் தமக்கு ஐயம் இருந்ததென்றும், பெண்கள் ஆண்களுக்கு நிகராகப் பறப்பார்கள் என்பது நிரூபணமாகிவிட்டதென்றும் ஒப்புக்கொண்டார். அடுத்த இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 20 அன்று, படை கலைக்கப்பட்டது. ஆவணங்கள் முத்திரையிடப்பட்டுக் காப்பகத்துக்குப் போயின. வரலாற்றாசிரியர்களின் கண்ணில் அவை படவில்லை.

எழுபதுகளில், அமெரிக்க விமானப்படை முதன்முறையாகப் பெண்களை விமானிகளாக்கப் போகிறது என்று செய்தி வந்தது. ‘முதன்முறை’ என்ற அந்தச் சொல் பாட்டிமாரைக் கொதிக்க வைத்தது. மீண்டும் ஒன்றுகூடினார்கள், நாடாளுமன்றத்தின் படியேறினார்கள். அவர்கள் பக்கம் எடுபட்ட சான்றுகளில் ஒன்று, அவர்களில் ஒருவர் பத்திரமாக வைத்திருந்த விடுவிப்புச் சான்றிதழ். ஆண் வீரர்களுக்குக் கொடுத்த அதே வாசகம் அதில் இருந்தது. 1977 நவம்பரில் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதி தரும் சட்டம் வந்தது. வரலாற்று மாணவர்களே, வீட்டில் கிடக்கும் பழைய தாள்களைக் கிழித்துப் போடும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

அத்தோடு முடிந்துவிடவும் இல்லை. அவெஞ்சர் ஃபீல்டில் பயின்ற எலைன் ஹார்மன் 2015 ஏப்ரலில் காலமானார். தம் அஸ்தி ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் வைக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். வாஸ்ப் பெண்களுக்கு அங்கே தகுதியில்லை என்று ராணுவம் மறுத்தது. மகளும் பேத்திகளும் அஸ்தியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2016 மே மாதம் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 7 அன்று, படை கலைக்கப்பட்டு ஏறத்தாழ 72 ஆண்டுகள் கழித்து, எலைன் ஹார்மனின் அஸ்தி ராணுவ மரியாதையோடு ஆர்லிங்டனில் வைக்கப்பட்டது.